ஆணித் தலையில் ஒரு குங்குமக் கோடு

என் மகனுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் எல்லாரும் கடிதம் ஆரம்பிக்கிறார்கள். உன் சௌக்கியத்தைக் கெடுத்தவனே அதைக் கேட்டால் நன்றாக இருக்காது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஹட்டன் கடைத்தெருவில், பட்டிப்பொலை ரயில் பாதையில் வேலை செய்கிற ஒரு ஆளைப் பார்த்தேன். என் மூக்கைப் பார்த்ததுமே நான் யாருடைய அப்பன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நீ அங்கே தண்டவாளத்துக்குச் சல்லிக்கல் சுமக்கிறாயாம். யாரோடும் பேச்சு இல்லையாம். சுத்தியல் பிடிக்கிற வேலை கொடுத்தால் வேண்டாம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாயாம். அடுத்த கூட்டத்தோடு கப்பலேறி ஊருக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னான். ஊர் என்று நீ எதைச் சொல்கிறாய்? நீ பிறந்தது இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் இந்தக் கடைசிக் காம்பராவில், மழை ஒழுகாத ஒரே மூலையில். திருச்சிக்குப் பக்கத்திலிருந்து நான் கடல் தாண்டி வந்தபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. அங்கே எனக்கே யாரையும் தெரியாது. உனக்கு யாரைத் தெரியும்?

நீ கப்பலேறுவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நீ மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப்போட வேண்டிய கடிதம் இல்லை இது. கூட வேலை செய்கிறவர்களுக்கும் வாசித்துக் காட்டு. நமக்குள்ளேயே இருந்து இருந்துதான் இது இவ்வளவு கெட்டுப்போனது.

உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது உன் அம்மாவின் அலுமினியச் சோற்றுப்பானை ஓட்டை விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்துக் கொல்லன் வீட்டில் ஓட்டைப் பானையா என்று அவள் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண் கிளறுகிற முள்ளு, கல் பெயர்க்கிற அலவாங்கு என்று இந்தத் தோட்டத்து இரும்பு அத்தனையும் என் உலையில் புகுந்து வந்ததுதான். அந்தத் தைரியத்தில் பானையையும் உலையில் வைத்துத் துருத்தியை ஊதினேன். சிவக்கும், சிவந்ததும் எடுத்துத் தட்டி அடைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரும்பு சூடேறினால் முகம் சிவந்து சொல்லிவிடும். இந்தச் சனியன் கடைசிவரை வெள்ளை முகத்தோடேயே இருந்து, கண் இமைப்பதற்குள் கரிக்குள்ளே வடிந்துவிட்டது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்ததற்கு உன்னை ஒரு அறை அறைந்தேன். அந்த வாரம் முழுக்க உன் அம்மா இரவல் பானையில் சோறாக்கினாள். அன்றிலிருந்து அந்த உலோகத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. எனக்குத் தெரியாத ஒன்றின் மேல் எனக்கு வருவது பயம் இல்லை, கோபம். உன்னிடம் அது இல்லாமல் போனதற்கு உன் அம்மாவுக்குத்தான் கும்பிடு போட வேண்டும்.

நீ கண்டியில் மோட்டார்ப் பட்டறையில் வேலை பழகித் திரும்பி, நம் தேயிலை ஸ்டோரில் இயந்திரம் பார்க்கிற பிட்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருந்த பெருமையை வெளியே காட்டியதில்லை. ஸ்டோரில் அப்போதுதான் அந்தப் பெரிய காற்றாடி வந்து இறங்கியது. மழை நாளில் பச்சைக் கொழுந்து தானாக வாடாது, மேல்மாடியில் காற்றை அடித்துத்தான் வாட்ட வேண்டும் என்று சீமையிலிருந்து வரவழைத்தார்கள். அதன் இறக்கைகளைத் தொட்டுப் பார்த்ததுமே என் முகம் சுருங்கிவிட்டது. அதே வெள்ளை உலோகம். வெறும் அலுமினியம் இல்லை அப்பா, செம்பு கொஞ்சம் கலந்தது, இரும்புக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தாங்கும், கனம் மட்டும் கிடையாது என்று நீ சொன்னாய். இறக்கைகளைத் தண்டோடு பூட்டும், மறுமுனையைத் தட்டித் தலையாக விரிக்கிற ஆணிகளும் அதே கலவைதான். இரும்பாணி அடித்தால் மழை ஈரத்தில் இறக்கை அந்த இடத்தில் அரித்துப்போகுமாம்.

அந்த ஆணியின் கதையை நீ எனக்கு எத்தனை பொறுமையாகச் சொன்னாய். வந்தபடியே அடித்தால் தலை வெடித்துவிடும். உருகிய உப்பில் அமிழ்த்திச் சூடேற்ற வேண்டும். சூடு காட்டும் கருவியில் ஒரே ஒரு குறி. அதற்குக் கொஞ்சம் குறைந்தால் ஆணிக்குப் பின்னால் பலம் வராது, கொஞ்சம் கூடினால் உள்ளேயே மணல்போல் உதிர்ந்துவிடும். குறியில் நிறுத்தி, எடுத்த கையோடு தண்ணீரில் போட வேண்டும். அப்போது அது மெத்தென்று மெதுவாகிவிடும். உடனே, ஒரு மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். அதன் பிறகு யாரும் தொடாமலே அது தானாக இறுகத் தொடங்கும். மறுநாள் பாதி இறுகி, நாலைந்து நாளில் முழுப் பலத்துக்கு வந்துவிடும். இதை நீ வாயால் மட்டும் சொல்லவில்லை, செய்தும் காட்டினாய். தண்ணீரிலிருந்து எடுத்த ஆணி ஒன்றை அப்போதே அடித்தாய், தலை மெழுகுபோல் விரிந்தது. இன்னொன்றை மாடத்தில் வைத்துவிட்டுச் சில நாள் கழித்து அடித்தாய், விளிம்பு வெடித்தது. இரண்டாவது மட்டமான ஆணி என்று நான் சொன்னேன்.

எனக்குத் தெரிந்தது இரும்பு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இரும்பு அந்த நொடியிலேயே இறுகும். அதற்கப்புறம் ஒரு நாள் கிடந்தாலும் ஒரு வருஷம் கிடந்தாலும் ஒன்றுதான். இது தண்ணீரில் மெதுவாகுமாம், சும்மா கிடந்தால் இறுகுமாம். சும்மா கிடந்தால் பலம் வருமென்றால் நம் கங்காணிதான் தோட்டத்திலேயே பெரிய பலசாலி என்று நான் சொன்னதும் பட்டறையே சிரித்தது. நீயும் சிரித்தாய். அன்று நீ சிரித்திருக்கக் கூடாது. அப்பன் சொன்னாலும் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்காதே. இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

போன வருஷம் ஆயுத பூசைக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. காற்றாடியில் ஒரு இறக்கை கடகடவென்று ஆட ஆரம்பித்தது, ஆணிகள் தளர்ந்திருந்தன. பூசையன்று ஸ்டோருக்கு ஓய்வு, அன்றைக்கே மாற்றிவிடு என்று ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா உன்னிடம் சொல்லியிருந்தார். நீ காலையிலேயே அடுப்பு மூட்டினாய். விறகெல்லாம் ஈரம், புகைந்ததே தவிர எரியவில்லை. உப்பு உருகி, கருவி குறிக்கு ஏறுவதற்குள் பொழுது சாயப் போனது. அதற்குள் நான் அம்மாள் படம் மாட்டி, வாழையிலை போட்டு, சுத்தியல், குறடு, பின்னால் தாங்கிப் பிடிக்கிற இரும்புக்கட்டி எல்லாவற்றையும் கழுவி அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். நீ ஆணிகளைத் தண்ணீரிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடி வந்து நின்றாய்.

“அப்பா, ஒரு மணி நேரம் சுத்தியலக் குடுங்க. இப்ப அடிக்கலன்னா இந்த ஆணி வீணாப் போயிரும்.”

சுற்றி ஸ்டோர் ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். பூசைக்கு வைத்த சாமானை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா? அத்தனை பேர் முன்னால் கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது. “சாமிக்கு வச்சத எடுத்து அடிக்கச் சொல்றியா? ஆணியையும் கொண்டாந்து தட்டுல வையி. நாளைக்கி அவளே எடுத்துக் குடுத்த மாதிரி இருக்கும்” என்றேன். நீ தலையைக் குனிந்து ஆணிகளைத் தட்டில் கொட்டினாய். என் கையாலேயே அவற்றின் மேல் குங்குமத்தைத் தூவினேன். சாமியை நான் குறை சொல்லவில்லை. அவள் சுத்தியலைத் தராதே என்று சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை நனைந்த கொழுந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. காற்றாடி ஓடாவிட்டால் அத்தனையும் புளித்துப்போகும் என்று டீமேக்கர் ஐயா மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தார். ஆணிகளைத் திரும்பவும் உப்பில் காய்ச்ச வேண்டும், பாதி நாள் கொடுங்கள் என்று நீ கேட்டாய். நேற்றுக் காய்ச்சியதுதானே, ஒருமுறை தோய்த்ததை மறுபடி எதற்குத் தோய்ப்பது என்று உன்னைத் தள்ளிவிட்டுச் சுத்தியலை நான் எடுத்தேன். நீ பின்னால் இரும்புக்கட்டியைத் தாங்கிப் பிடித்தாய். அடிக்கும்போது ஆணி என் கைக்குக் கெட்டியாக எதிர்த்தது. எனக்கு அதில் சந்தோஷம், நல்ல ஆணி என்று. முடித்ததும் நீ ஒவ்வொரு தலையாக விரலால் தடவிக்கொண்டு வந்தாய்.

“அப்பா, தலையில கீறல் இருக்கு.”

குனிந்து பார்த்தேன். விளிம்பில் மயிரிழை போலச் சிவப்பாக ஒரு கோடு. “குங்குமம்டா அது. தொடச்சு விடு” என்றேன். நீ தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தாய். “போகலப்பா” என்றாய். நான் அதற்குள் படியிறங்க ஆரம்பித்துவிட்டேன். அம்மாளுடைய குங்குமம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று நான் சொன்னதற்கு டீமேக்கர் ஐயாகூட முகம் மலர்ந்தார். காற்றாடி ஓடியது. தலை விரிய மாட்டாமல் விளிம்பு வெடித்து, அந்த வெடிப்புக்குள் பொடி இறங்கி உட்கார்ந்திருந்தது என்று இப்போது யாரும் சொல்லாமலே தெரிகிறது. வெடிப்பு இருக்கும் இடத்தை அவளே சிவப்பால் வரைந்து காட்டியிருக்கிறாள். பார்க்கச் சொன்னாய், நான் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த இறக்கை பிய்ந்து பறந்தது. மேல்மாடியில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த செல்லம்மா மேல் அடித்தது. பக்கத்துக் காம்பராச் செல்லம்மா, நீ அக்கா என்று கூப்பிடுகிறவள், பானை உருகின அந்த வாரமெல்லாம் உன் அம்மாவுக்கு இரவல் கொடுத்தவள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அவள் புருஷன் முத்தையா லாரியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனான். நீயும் கூடப் போனாய். நான் போகவில்லை. பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அத்தனை பேரையும் நிறுத்தி, அந்த ஆணியை அடித்தது யார் என்று தோட்டத்துத் தொரை கேட்டார். நான் உனக்குப் பக்கத்தில்தான் நின்றேன். டீமேக்கர் ஐயாவுக்கும் தெரியும், அவர் தரையைப் பார்த்தார். நீ முன்னால் போய், “நான்தான் தொர” என்றாய். அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். தலைச்சுமையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சு நன்றாக வந்தது. என் பிள்ளை போகிறானே என்று நெஞ்சு பதறியது அதற்கு அப்புறம்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலையே உன்னை வேலையிலிருந்து நீக்குகிற பத்துச்சீட்டை எழுதிக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அதில் எழுதியிருந்ததைப் பார்த்தால் கொத்மலைப் பக்கம்கூட எந்தத் தோட்டத்திலும் உன்னைச் சேர்க்க மாட்டார்கள். போகும்போது நீ உன் அம்மா காலைத் தொட்டாய். என் காலையும் தொட்டாய். தொடாமல் போயிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இது நான் எழுதிய கடிதம்தானா என்று உனக்குச் சந்தேகம் வந்துவிடும். நீ செய்தது சரியில்லை. அப்பனைக் காப்பாற்றினோம் என்று நினைத்திருப்பாய். நீ என்னைக் காப்பாற்றவில்லை. முன்னால் போய்ச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே சந்தர்ப்பத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். நீ ஒரு நிமிஷம் பேசாமல் நின்றிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. அது தெரியாமலே சாக வேண்டும் என்பதுதான் இப்போது என் தலையில் எழுதியிருக்கிறது. பூசையன்றைக்கும் அப்படித்தான். சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். நான் அடித்திருப்பேன், திட்டியிருப்பேன், அவ்வளவுதானே. செல்லம்மா இருந்திருப்பாள். மரியாதை மரியாதை என்று நான்தான் உன்னை வளர்த்தேன், அது எனக்கு மறக்கவில்லை. உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் உன்னை எதிர்த்துப் பேச விடு.

இந்த வருஷமும் ஆயுத பூசை வந்தது. சாமான்களைக் கழுவி அடுக்கினேன். குங்குமத்தில் விரலை வைத்ததும் கை எழவில்லை. உன் அம்மா ஒரு வருஷமாகச் சோறு வேண்டுமா என்பதைத் தவிர என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று பின்னால் நின்றுகொண்டு, “அந்தத் தட்டுல வைக்க இன்னும் என்ன இருக்கு?” என்றாள். விரலைத் துடைத்துக்கொண்டு நேரே பங்களாவுக்குப் போனேன். ஆணி அடித்தது நான், திரும்பக் காய்ச்ச வேண்டும் என்று தடுத்தவன் மகன் என்று தொரையிடம் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், அது எழுதி முடிந்த விஷயம், புதுக் காற்றாடியும் வந்தாயிற்று, போய் வேலையைப் பார் என்றார். உன் சீட்டை மாற்றித் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் டீமேக்கர் ஐயா, கிளறாதே, இருக்கிற காம்பராவும் போய்விடும் என்று நல்லவிதமாகவே சொன்னார். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்ததற்கு அவ்வளவுதான் பலன். உனக்கு நல்ல சேதி எதுவும் என்னிடம் இல்லை.

அங்கிருந்து முத்தையாவிடம் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான், நன்றாகவும் சீவத் தெரியவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சீப்பை நிறுத்தவில்லை.

“தெரியும் அண்ணே. அன்னிக்கி இங்கன ஒக்காந்துதான் சுத்தியல் சத்தத்தக் கேட்டேன். ஒங்க அடி ரெண்டு சின்னதா, ஒண்ணு பெருசா விழும். தம்பி அடிச்சா ஒரே சீரா இருக்கும். அடிச்சது யாருன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தோம்” என்றான். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் பெரட்டுக்குப் போகும்போது, கத்தி தீட்டிக் கொடுக்கும்போது, கோயிலில் திருநீறு வாங்கும்போது அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாள் பெரட்டில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார்கள். அடியும் திட்டும் விழும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

முத்தையா என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அன்று அவன் வாசலை விட்டு நான் கிளம்பும்போது மட்டும், “தம்பிய ஒரு தடவ வரச் சொல்லுங்க. அன்னிக்கி அவரு போவயில நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன்” என்றான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்காக வா என்று கேட்க எனக்கு வாயில்லை. இங்கே உனக்கு வேலையும் கிடைக்காது. அவனுக்காக, பகல் வண்டியில் ஒரு தடவை வந்து அவன் வாசலில் நில். அப்புறமும் கப்பலேறத்தான் வேண்டும் என்றால் போய்க்கொள். உன் அம்மா கட்டுச்சோறு கட்டித் தருவாள். நீ கல் சுமக்கிற கூடையை மட்டும் கீழே வைத்துவிட்டுப் போ. அது உன் சுமை இல்லை.

பிய்ந்த இறக்கையின் அடித்துண்டு ஸ்டோருக்குப் பின்னால் பழைய இரும்போடு கிடந்தது. அதை எடுத்து வந்து வைத்திருக்கிறேன். ஆணித் தலைகள் இரண்டு அதிலேயே இருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். அந்தக் கோடு போகவில்லை. நீ வந்தால் அதை உன் கையில் தருகிறேன். விரலால் தடவிப் பார்த்து, அன்று சொன்னதை என் முகத்துக்கு நேரே இன்னொரு தரம் சொல். துடை என்று சொல்ல மாட்டேன். குனிந்து பார்க்கிறேன்.

அந்த ஆணிகளை அடித்த
உன் அப்பா